எண்ணெய்க் கிணற்றில் உதித்த நிலா

வெறும் எண்கள். பத்தி பத்தியாக எண்கள். எந்த எண் ஆழம், எந்த எண் அழுத்தம் என்பதற்கு ஒரு குறிப்பும் கிடையாது. ஒரு எண் ஒரு கட்டம் தள்ளி விழுந்தாலும் அதன்பிறகு கம்ப்யூட்டர் போட்ட கணக்கு அத்தனையும் பாழ். பிரேசில் அரசின் எண்ணெய் நிறுவனமான பெட்ரோப்ராஸின் இன்ஜினீயர்கள் 1992 வாக்கில் தினமும் சிலமுறையாவது பட்ட அவஸ்தை இது. கிணறுகளையும் பாறைகளையும் பற்றிக் கணக்கிடும் அந்த புரோகிராம்கள் ரொம்பப் பழையவை. அவற்றைத் திருத்தி எழுத யாருக்கும் துணிச்சல் இல்லை. அவை கேட்ட வடிவத்தில் எண்களைத் தருவது மனிதர்களின் தலையெழுத்தாகிவிட்டது.

இந்தத் தலைவலிக்கு மருந்து தேடித்தான் அவர்கள் ரியோ டி ஜெனிரோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் 1987-ல் தொடங்கப்பட்ட டெக்கிராஃப் என்ற ஆய்வுக் குழுவிடம் போனார்கள். திரையில் ஒரு படம், அதில் சுட்ட வேண்டிய இடத்தைச் சுட்டினால் எண்ணைக் கேட்கும், தவறான எண்ணை ஏற்காது, கடைசியில் பத்திகளைத் தானே எழுதித் தரும்: கேட்டது இவ்வளவே. ஆனால் இப்படி ஒன்றல்ல, பல படிவங்கள் தேவைப்பட்டன. ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதுவதற்குப் பதில் படிவங்களை விவரிக்கவென்றே டெல் என்றொரு குட்டி மொழியை உருவாக்கிக்கொண்டது டெக்கிராஃப். இன்ன படிவத்தில் இன்னின்ன விவரம், இன்ன எண் இதற்கு மேல் போகக்கூடாது என்று எழுதிவிட்டால் போதும்.

அதற்குப் பிறகு நடந்தது, குட்டி மொழிகளை உருவாக்கும் எல்லோருக்கும் நடப்பதுதான். வாடிக்கையாளர்களுக்கு ருசி கண்டுவிட்டது. இந்த எண் இத்தனைக்கு மேல் போனால் மட்டும் அடுத்த கேள்வியைக் கேட்கவேண்டும் என்றார்கள். பத்து முறை திரும்பச் செய்யவேண்டும் என்றார்கள். விவரிக்க மட்டுமே தெரிந்த மொழி சிந்திக்கவும் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். பக்கத்து அறையிலும் ஏறக்குறைய இதே கதை. பாறை அடுக்குகளைப் படமாக்கித் தரும் இன்னொரு சாஃப்ட்வேருக்காக சோல் என்ற மொழி தயாராகிக்கொண்டிருந்தது. எளிய பொருள் மொழி என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. போர்த்துகீசிய மொழியில் சோல் என்றால் சூரியன். 1993 மார்ச்சில் அது எழுதி முடிக்கப்பட்டது. ஆனால் வாடிக்கையாளர் கைக்குப் போய்ச் சேரவே இல்லை. அதற்குள் அங்கேயும் தேவைகள் மொழியை மிஞ்சிவிட்டன.

வெளிநாட்டிலிருந்து ஒரு நல்ல சாஃப்ட்வேரை வாங்கிப்போட்டிருக்கக் கூடாதா என்று கேட்கலாம். முடியாது. 1977-லிருந்து 1992 வரை பிரேசிலில் கம்ப்யூட்டருக்கும் சாஃப்ட்வேருக்கும் கடும் இறக்குமதித் தடைகள் இருந்தன. உள்நாட்டு நிறுவனம் எதனாலும் இதைச் செய்து தர முடியாது என்று அலுவலகம் அலுவலகமாக ஏறி நிரூபித்த பிறகே வெளியிலிருந்து எதையும் வாங்கலாம். (இந்திய வாசகர்களுக்கு இதைக் கேட்டுப் பழைய நினைவு வந்தால் ஆச்சரியமில்லை. ஐ.பி.எம். இங்கிருந்து மூட்டை கட்டியது 1978-ல். 1984-ல் ராஜீவ் காந்தி அரசின் கம்ப்யூட்டர் கொள்கை வரும்வரை ஒரு கம்ப்யூட்டரை இறக்குமதி செய்வது யானை வாங்குவது போலத்தான்.) அந்தத் தடைகள் பிரேசிலுக்கு இழைத்த நஷ்டம் ஏராளம். ஆனால் டெக்கிராஃப்காரர்களுக்கு அது ஒரு பழக்கத்தைக் கொடுத்தது. வேண்டியதை நாமே செய்துகொள்வோம் என்ற பழக்கம். தடை விலகிய பிறகும் அந்தக் குணம் போகவில்லை.

1993-ன் நடுவில் மூன்று பேர் உட்கார்ந்து பேசினார்கள். உதவிப் பேராசிரியர் ரொபெர்ட்டோ யெருசலிம்ஸ்கி, முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வில் இருந்த லூயிஸ் ஹென்ரிக் டி ஃபிகெய்ரேடோ, ஆய்வு மாணவர் வால்டெமர் செலெஸ். டெல், சோல் இரண்டையும் தூக்கி வைத்துவிட்டு இரண்டின் வேலையையும் செய்யக்கூடிய ஒரே மொழியை எழுதுவது என்று முடிவானது. இருக்கிற மொழிகளில் ஒன்றை எடுத்துக்கொள்வதையும் யோசிக்காமல் இல்லை. டிசிஎல் என்ற மொழி யூனிக்ஸ் கம்ப்யூட்டர்களில் மட்டும் ஓடியது. அதன் இலக்கணமும் புதிராக இருந்தது. பெட்ரோப்ராஸிலோ ரகத்துக்கு ஒரு கம்ப்யூட்டர். லிஸ்ப் மொழியின் அடைப்புக்குறிக் காட்டுக்குள் ஒரு மண்ணியல் நிபுணரை அனுப்புவது பாவம். பைதான் அப்போது தொட்டிலில் இருந்தது. சூரியனுக்குப் பதிலாக வரும் மொழிக்கு நிலா என்று பெயர் வைக்கலாமே என்றார் ஒரு நண்பர். போர்த்துகீசிய மொழியில் லுவா. 1993 ஜூலை 28-ல் அதன் முதல் வடிவம் ஓடிக்கொண்டிருந்ததற்குச் சான்று இருக்கிறது.

இவர்கள் எழுதியது உண்மையில் ஒரு இன்டர்பிரட்டர். கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது அதன் சில்லின் பாஷை மட்டுமே. மனிதன் எழுதியதை அதற்குப் புரியவைக்க இரண்டு வழிகள் உண்டு. முழுக் கடிதத்தையும் உட்கார்ந்து மொழிபெயர்த்து, பெயர்த்த பிரதியை மட்டும் கையில் கொடுத்தனுப்புவது ஒன்று. அது கம்பைலர். மற்றது புதுச்சேரியில் டூப்ளெக்ஸின் பக்கத்தில் நின்ற ஆனந்தரங்கப் பிள்ளையின் வழி. எதிராளி பேசப் பேச துபாஷி அங்கேயே நின்று அர்த்தம் சொல்லி ஆகவேண்டியதைச் செய்விப்பார். இன்டர்பிரட்டர் ஒரு துபாஷி. கம்பைலரைவிட வேகம் குறைவு. ஆனால் வாக்கியத்தை மாற்றினால் உடனே பலன் தெரியும். எழுதுபவர் தொழில்முறை புரோகிராமர் அல்ல, கிணற்றடியில் நிற்கும் இன்ஜினீயர் என்றால் துபாஷிதான் தோது.

இப்படியொரு துபாஷியைக் கம்ப்யூட்டருக்குள் குடியேற்றலாம் என்பதே ஒருகாலத்தில் பெரிய விஷயமாக இருந்தது. 1950-களின் கடைசியில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜான் மெக்கார்த்தி லிஸ்ப் மொழியின் பொருளை விளக்க ஒரு சூத்திரத்தை எழுதினார், காகிதத்துக்காக. அவரோடு வேலை பார்த்த ஸ்டீவ் ரஸ்ஸல் அதைப் படித்துவிட்டு, இதை அப்படியே ஐ.பி.எம். 704 கம்ப்யூட்டருக்கு எழுதிவிடலாமே என்றார். கோட்பாட்டையும் நடைமுறையையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறாய் என்பது மெக்கார்த்தியின் பதில். ரஸ்ஸல் எழுதினார், அது ஓடியது.

துபாஷிக்குள் என்ன நடக்கிறது என்பது தமிழ் வகுப்பில் பதம் பிரித்தவர்களுக்கு எளிதில் புரியும். இப்படி ஒரு வரி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: மொத்தம் = நாள் * கூலி + படி. (உதாரணத்துக்காகத்தான் தமிழ். லுவாவில் பெயர்களுக்கு ஆங்கில எழுத்துகளே செல்லும்.) கம்ப்யூட்டருக்கு இது ஒரு நீள எழுத்துச் சரம். இடைவெளியும் தெரியாது, பொருளும் தெரியாது. முதல் வேலை, சரத்தை ஏழு துண்டாக வெட்டுவது: நான்கு பெயர்கள், மூன்று குறிகள். இது சொற்பிரிப்பு. அடுத்தது, எது எதோடு சேரும் என்று பார்ப்பது. கூலியோடு படியைக் கூட்டிய பிறகு நாளால் பெருக்கினால் தொழிலாளிக்கு லாபம், முதலாளிக்கு நஷ்டம். பெருக்கலுக்கே முதலிடம் என்ற விதி இருப்பதால் நாளும் கூலியும் முதலில் கட்டிக்கொள்கின்றன, படி பிறகு வந்து சேர்கிறது. பகுதி எது, விகுதி எது, இடைநிலை எது என்று நன்னூல்காரர் பகுபதத்தை உடைத்துக் காட்டிய அதே வேலைதான். ஒரே வித்தியாசம், நன்னூல் விதிவிலக்குகளைப் பெருந்தன்மையோடு ஏற்கும். கம்ப்யூட்டர் ஏற்காது.

பிரித்ததை வைத்து உடனே கணக்குப் போட்டுவிடலாம். பல குட்டி இன்டர்பிரட்டர்கள் அப்படித்தான் செய்கின்றன. ஆனால் ஒரே வரி ஆயிரம் முறை திரும்ப வந்தால் ஆயிரம் முறையும் பதம் பிரித்துக்கொண்டிருப்பது வீண் வேலை. லுவாவின் துபாஷி கெட்டிக்காரர். ஒருமுறை கேட்டதைத் தன் குறிப்பேட்டில் சுருக்கெழுத்தாக எழுதிக்கொள்வார். பிறகு சுருக்கெழுத்தைப் பார்த்தே வேலை நடக்கும். பைட்கோடு என்பது இதுதான். மேலே சொன்ன வரியின் சுருக்கெழுத்து, ஓட்டலில் அடுக்கிய தட்டுகளைப் போல வேலை செய்யும். நாளை ஒரு தட்டில் வை. அதன் மேல் கூலியை வை. மேலேயுள்ள இரண்டையும் எடுத்துப் பெருக்கி விடையை வை. படியை வை. மறுபடி மேலேயுள்ள இரண்டையும் எடுத்துக் கூட்டி வை. அதை எடுத்து மொத்தம் என்ற பெயருக்குக் கொடு. ஆறு கட்டளைகள்.

பத்து ஆண்டுகள் லுவா இப்படித் தட்டு அடுக்கிக்கொண்டிருந்தது. 2003-ல் வந்த 5.0 பதிப்பில் அடுக்கைத் தள்ளிவிட்டு வேறு வழிக்கு மாறினார்கள். பெயர்களுக்கு எண்ணிட்ட அறைகளை முன்பே ஒதுக்கிவிட்டால், இந்த அறையையும் அந்த அறையையும் பெருக்கி மூன்றாவதில் போடு என்று ஒரே கட்டளையில் சொல்லிவிடலாம். ஆறு கட்டளை இரண்டாகச் சுருங்கிவிடும். கட்டளை ஒவ்வொன்றும் கொஞ்சம் நீளம்தான், ஆனாலும் வேகம் கூடியது. அப்போது பரவலாகப் புழங்கிய மொழிகளில் இந்த முறையைக் கையாண்டவை அபூர்வம்.

இதையெல்லாம் நம் இன்ஜினீயரிங் கல்லூரி மாணவர்கள் ஆண்டுதோறும் படிக்கிறார்கள் என்பது வேடிக்கை. கம்பைலர் டிசைன் என்று ஒரு பேப்பரே உண்டு. அதன் வேதமாகக் கருதப்படும், அட்டையில் டிராகன் படம் போட்ட 1986-ம் வருடத்துப் பாடநூலின் மூன்று ஆசிரியர்களில் ஒருவர் கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த ரவி சேத்தி. ஆய்வகத்தில் லெக்ஸ், யாக் என்ற இரண்டு கருவிகளை வைத்துக் கூட்டல் கழித்தல் போடும் ஒரு கால்குலேட்டரைச் செய்து, ரெக்கார்டு நோட்டில் ஒட்டிக் கையெழுத்து வாங்கியதோடு பலருக்கு விஷயம் முடிந்துவிடுகிறது. லுவாவின் முதல் வடிவமும் லெக்ஸ், யாக் கருவிகளால் செய்யப்பட்டதுதான். பிறகு அவற்றைக் கழற்றிவிட்டுக் கையாலேயே எழுதினார்கள். சிறியதாகவும் வேகமாகவும் ஆனது. கருவி அதேதான். ரியோவில் அதைக் கையிலெடுத்தவர்களுக்கு மறுநாள் காலையில் கேள்வி கேட்க ஒரு வாடிக்கையாளர் இருந்தார், அவ்வளவே. லுவா அளவுக்கு உலகெங்கும் புழங்கும் ஒரு கம்ப்யூட்டர் மொழியை இந்தியா இன்னும் தரவில்லை. அதற்குக் காரணம் மூளை இல்லாததல்ல. நம் சாஃப்ட்வேர் தொழில் வளர்ந்ததே கடல் கடந்த வாடிக்கையாளரின் புரோகிராமை அவர் சொன்ன மொழியில் எழுதிக்கொடுத்துத்தான்.

லுவாக்காரர்களின் உண்மையான சாமர்த்தியம் எதைச் சேர்த்தார்கள் என்பதில் இல்லை, எதை மறுத்தார்கள் என்பதில். மூவரும் ஒப்புக்கொண்டால்தான் மொழியில் புதிதாக ஒன்று நுழையும். ஒருவர் தலையை ஆட்டி மறுத்தாலும் கிடையாது. பட்டியல், அகராதி, பொருள் என்று மற்ற மொழிகள் விதவிதமாக வைத்திருப்பவற்றுக்கெல்லாம் லுவாவில் ஒரே பாத்திரம், டேபிள். அதில் எதையும் எந்தப் பெயரிலும் போட்டு வைக்கலாம். விளைவு, முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் மொத்த இன்டர்பிரட்டரும் சி மொழியில் சுமார் 30,000 வரிகள்தான். இயங்கும் வடிவில் சுமார் 300 கிலோபைட். செல்போனில் எடுக்கும் ஒரு சாதாரணப் புகைப்படம் இதைவிடப் பெரியது.

இன்னொன்று, இந்தத் துபாஷிக்கு சொந்த வீடு என்று ஒன்று தேவையில்லை. லுவா ஒரு முழு புரோகிராமாக அல்ல, வேறொரு புரோகிராமுக்குள் குடியிருக்கும் உதவியாளராகவே வடிவமைக்கப்பட்டது. வீட்டுக்காரர் எந்தக் கதவைத் திறந்துவிடுகிறாரோ அந்த அறைக்குள் மட்டும் போகும். எவ்வளவு நினைவகம் எடுக்கலாம் என்பதையும் வீட்டுக்காரரே தீர்மானிக்கலாம். எண்ணெய் நிறுவனத்தின் படிவத்துக்காக யோசித்த இந்த ஏற்பாடு பின்னால் எங்கெங்கோ பயன்பட்டது.

ஆனால் அதற்கு முன்பு ஒரு சறுக்கல். 1994 ஜூலை 8-ல் லுவாவின் 1.1 பதிப்பு வெளியுலகுக்கு வந்தது. கல்விக்கு இலவசம், வியாபாரத்துக்கு என்றால் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்பது நிபந்தனை. சிலர் விசாரித்தார்கள். ஒருவர்கூட வாங்கவில்லை. பெர்ல், டிசிஎல் எல்லாம் சும்மா கிடைக்கும்போது ரியோவிலிருந்து வரும் பெயர் தெரியாத மொழிக்கு யார் காசு கொடுப்பார்கள்? வியாபாரத் தடையைப் பார்த்துக் கல்லூரிகளும் ஒதுங்கக்கூடும் என்ற பயம் வேறு. 1995-ல் வந்த 2.1 பதிப்பில் நிபந்தனையைத் தூக்கிவிட்டார்கள். யாரும் எதற்கும் எடுத்துக்கொள்ளலாம். தன் உழைப்பைச் சும்மா கொடுப்பது வசதியுள்ள நாட்டுப் பேராசிரியருக்குச் சுலபம். வெளி நிறுவனங்களுக்கு வேலை செய்துகொடுத்து நடந்த ஒரு குழுவுக்கு அது அவ்வளவு சுலபமான முடிவாக இருந்திருக்காது. ஆனால் அதுதான் லுவாவைப் பிழைக்க வைத்தது.

1996 டிசம்பரில் அமெரிக்காவின் புரோகிராமர்கள் விரும்பிப் படித்த டாக்டர் டாப்ஸ் ஜர்னலில் லுவா பற்றி ஒரு கட்டுரை வந்தது. அதைப் படித்தவர்களில் ஒருவர் லூகாஸ் ஆர்ட்ஸ் நிறுவனத்தில் கம்ப்யூட்டர் விளையாட்டு தயாரித்துக்கொண்டிருந்த ப்ரெட் மொகிலெஃப்ஸ்கி. நிறுவனத்தின் பழைய சொந்த மொழிக்குப் பதிலாக லுவாவை வைத்தார். 1998-ல் கிரிம் ஃபாண்டாங்கோ என்ற அந்த விளையாட்டு வெளியானது. பிறகு விளையாட்டு உலகம் முழுக்க லுவா பரவியது. 2004-ல் வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டின் திரையைத் தங்கள் விருப்பப்படி மாற்றிக்கொள்ள நினைத்த ரசிகர்கள் லுவா கற்றார்கள். ராபுளாக்ஸில் விளையாட்டு உருவாக்கும் பள்ளிப் பிள்ளைகள் எழுதுவதும் லுவாவிலிருந்து கிளைத்த ஒரு மொழியில்தான்.

தமிழர்களும் தெரியாமலேயே லுவாவின் வாடிக்கையாளர்கள். விக்கிப்பீடியாவின் கதை டெல்லின் கதையைக் கேட்ட மாதிரியே இருக்கும். பல பக்கங்களில் திரும்பத் திரும்ப வரும் பெட்டிகளுக்காக வார்ப்புரு என்ற வசதி இருந்தது. முதலில் வெறும் அச்சு. பிறகு அதற்குள் நிபந்தனைகள் நுழைந்தன. ஆர்வலர்கள் அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறி போட்டு, ஒரு சொல்லின் நீளத்தை எண்ணக்கூட வார்ப்புரு எழுதினார்கள். யாரும் திட்டமிடாமலே அது ஒரு கம்ப்யூட்டர் மொழியாகிவிட்டது, அதுவும் படுமந்தமான மொழி. மேற்கோள்கள் நிறைந்த நீண்ட கட்டுரைகளைத் திரைக்குக் கொண்டுவர சர்வர் திணறியது. 2013-ல் விக்கிப்பீடியாக்களில் லுவாவைக் குடிவைத்தார்கள். யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்ற இடத்தில் முடிவே இல்லாமல் சுற்றும் ஒரு புரோகிராமை எவராவது எழுதிவைத்தால் என்ன ஆகும்? வீட்டுக்காரர் கழுத்தைப் பிடித்து நிறுத்த முடிகிற மொழியாக இருக்கவேண்டும். லுவா அப்படிப்பட்டது. தமிழ் விக்கிப்பீடியாவின் பல தகவல் பெட்டிகளுக்குப் பின்னால் ஓடுவதும் அதுவே.

குறையில்லாத மொழி அல்ல இது. மற்ற பல மொழிகள் 0-விலிருந்து எண்ணும்போது இது 1-லிருந்து எண்ணுகிறது. தொழில்முறை புரோகிராமர்கள் இதைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். ஃபார்ட்ரானில் பழகிய இன்ஜினீயருக்கோ இதுவே இயல்பு. நம் பாட்டிகளும் ஒன்றிலிருந்துதான் எண்ணினார்கள். இதை மன்னிக்கலாம்.

மன்னிக்கக் கடினமானது வேறொன்று. லுவாவில் ஒரு புதிய பெயரை முன்கூட்டி அறிவிக்கவேண்டிய அவசியம் இல்லை. எழுதினால் போதும், அது புரோகிராம் முழுக்கச் செல்லுபடியாகும். அவசரத்துக்கு நல்ல வசதி. ஆனால் கிணற்றின் ஆழம் 2300 என்றிருப்பதை 3200 என்று மாற்ற நினைத்த இன்ஜினீயர், ஆழம் என்பதற்குப் பதில் ஆளம் என்று தட்டிவிட்டால்? துபாஷி சத்தம் போடமாட்டார். ஆளம் என்று ஒரு புதுப் பெயரை உண்டாக்கி அதில் 3200-ஐப் பத்திரமாக வைத்துக்கொள்வார். ஆழம் பழைய 2300-லேயே இருக்கும். புரோகிராம் ஓடும், விடையும் வரும், படமும் அழகாக இருக்கும். கட்டம் தள்ளி விழுந்த எண்ணைப் போலவே இதுவும் யார் கண்ணிலும் படாது.

எழுத்துப் பிழைகளைப் பிடிக்கத் தனிக் கருவிகளை எழுதி வைத்துக்கொண்டு லுவாக்காரர்கள் இதைச் சமாளித்துவந்தார்கள். 2025 டிசம்பரில் வெளிவந்த 5.5 பதிப்பில்தான், பொதுப்பெயர்களை முன்பே அறிவித்துவிட்டு, அறிவிக்காத பெயர் வந்தால் மறுக்கச் சொல்லும் வசதி மொழிக்குள்ளேயே வந்தது. அதுவும் கட்டாயமில்லை. வேண்டும் என்று எழுதிக் கேட்பவர்களுக்கு மட்டும். கேட்காதவர்களுக்கு ஆளமும் ஆழமும் இன்றும் வேறு வேறு.